கூட்டிப் பார்க்காத கணக்கு

2009ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழில் வட்டாரங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டது. காற்று, நீர், நிலம் மூன்றும் எந்த அளவுக்குக் கெட்டிருக்கின்றன, அங்கே வாழ்கிறவர்களை அது எப்படிப் பாதிக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துப் போட்ட மதிப்பெண் அது. எண் கூடக்கூட நிலைமை மோசம். 70ஐத் தாண்டிய 43 வட்டாரங்கள் மிக மோசமான வகையில் வைக்கப்பட்டன. சத்தீஸ்கரின் நிலக்கரி நகரமான கோர்பாவுக்கு 83. நம் கடலூருக்கு 77.45. மும்பை செம்பூருக்கு 69.19.

2010 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த 43 இடங்களிலும் புதிய ஆலைகளுக்கும் பழைய ஆலைகளின் விரிவாக்கத்துக்கும் அனுமதி தருவதை நிறுத்திவைத்தது. 0.81 புள்ளி குறைந்ததால் செம்பூர் அந்தத் தடைக்குள் வரவில்லை. தடை வந்த இடங்களிலும் அது நீடிக்கவில்லை. கோர்பா உட்படப் பல இடங்களுக்குப் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது.

அந்தப் பட்டியலில் குறைகள் இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அது கேட்டது: இந்த ஊரின் தலையில் மொத்தம் எவ்வளவு சுமை இருக்கிறது? நம் நாட்டில் ஒரு சுரங்கத்துக்கோ ஆலைக்கோ அனுமதி கொடுப்பதற்கு முன் செய்யப்படும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேறு கேள்வியைக் கேட்கிறது: இந்த ஒரு திட்டம் இன்னும் எவ்வளவு சேர்க்கும்? இரண்டு கேள்விகளும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். இவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் கோர்பாவின் கிராமங்களும் கடலூர் மாவட்டத்து நெய்வேலியின் வயல்களும் செம்பூரின் நுரையீரல்களும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்கு அனுமதி எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால் இந்த இடைவெளி தெளிவாகத் தெரியும்.

செம்பூருக்கும் சுரங்கத்துக்கும் என்ன தொடர்பு?

செம்பூரில் சுரங்கம் இல்லை. நிலக்கரி எரியும் இடம் இருக்கிறது. செம்பூரை ஒட்டிய மாகுல் பக்கம் கடலோரமாக நிற்கும் டாடா பவரின் டிராம்பே அனல்மின் நிலையம் 1956இல் தொடங்கியது. 1984இல் வந்த 500 மெகாவாட் அலகும் 2009இல் வந்த 250 மெகாவாட் அலகும் நிலக்கரியில் ஓடுகின்றன. அந்த நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து கப்பலேறி வருகிறது. 2007இல் டாடா பவர், போர்னியோ தீவில் உள்ள கல்டிம் பிரிமா, அருட்மின் என்ற இரண்டு சுரங்க நிறுவனங்களில் 30 விழுக்காடு பங்கு வாங்கியது. இந்தோனேசிய நிலக்கரியில் சாம்பலும் கந்தகமும் குறைவு என்பதால், நெருக்கமான நகரத்துக்கு நடுவே எரிக்க அது ஏற்றது என்று தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆக, காடழித்துத் தோண்டுவது ஒரு தீவில். எரிவது செம்பூரில் நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற புகைபோக்கியில். தோண்டும் இடத்தில் ஒரு மதிப்பீட்டு அறிக்கை, எரிக்கும் இடத்தில் இன்னோர் அறிக்கை. ஒன்று இன்னொன்றைப் பற்றிப் பேசாது.

அனுமதி என்னும் நான்கு படிகள்

1984 டிசம்பரில் போபால் நச்சு வாயு விபத்து. அதன் விளைவாக 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் 1994 ஜனவரியில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. 1997இல் மக்கள் கருத்துக்கேட்பு அதில் சேர்ந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அன்று வந்த அறிவிக்கை. அதற்குப் பிறகு எத்தனையோ திருத்தங்களும் அலுவலகக் குறிப்பாணைகளும் அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கின்றன.

வழிமுறை நான்கு படிகள் கொண்டது. திட்டம் எந்த வகையில் சேரும் என்று பிரிப்பது முதல் படி. எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று வரையறுப்பது இரண்டாவது. வரைவு அறிக்கையை மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்பது மூன்றாவது. நிபுணர் குழு எல்லாவற்றையும் பரிசீலித்து, அனுமதிக்கலாமா கூடாதா என்று அமைச்சகத்துக்குப் பரிந்துரைப்பது நான்காவது. பெரிய நிலக்கரிச் சுரங்கங்கள் டெல்லியில் உள்ள நிபுணர் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும்.

அறிக்கையை எழுதுவது அரசு அல்ல. திட்டம் கொண்டுவரும் நிறுவனமே ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி, கட்டணம் கொடுத்து எழுத வைக்கிறது. ஆலோசனை நிறுவனத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் சம்பளம் கொடுப்பவரின் திட்டம் வேண்டாம் என்று முடிவு சொல்லும் அறிக்கையை யாரும் எளிதில் பார்த்துவிட முடியாது.

ஆலோசனை நிறுவனம் முதலில் செய்வது, இப்போதைய நிலையை அளப்பது. சுரங்க எல்லையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் காற்று, நிலத்தடி நீர், மண், இரைச்சல் எல்லாவற்றையும் மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் மூன்று மாதம் அளக்கிறார்கள். இதற்குப் பெயர் அடிப்படை நிலை. பிறகு புதிய திட்டத்திலிருந்து எவ்வளவு தூசும் வாயுவும் வெளிவரும் என்று கணித்து, காற்றின் திசை, வேகம், வெப்பநிலை ஆகியவற்றைக் கணினி மாதிரியில் ஊட்டி, ஊரில் மனிதர் மூச்சு விடும் உயரத்தில் அது எவ்வளவாக வந்து சேரும் என்று பார்க்கிறார்கள். அடிப்படை நிலையோடு அந்தக் கூடுதலைக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை அரசு வகுத்த வரம்புக்குள் அடங்கிவிட்டால், அறிக்கையில் தாக்கம் ஏற்கத்தக்கது என்று எழுதப்படுகிறது.

விரிவாக்கம்: பரப்பும் வேகமும்

புதுச் சுரங்கம் திறப்பதைவிட இருக்கிற சுரங்கத்தை விரிவாக்குவது நிறுவனங்களுக்குச் சுலபம். நிலம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இயந்திரங்கள் இருக்கின்றன. ரயில் பாதை இருக்கிறது. அதே குத்தகை எல்லைக்குள் இன்னும் வேகமாகத் தோண்டினால் போதும். இப்படி எல்லைக்குள்ளேயே உற்பத்தியைக் கூட்டும் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து சலுகை கொடுக்கும் குறிப்பாணைகள் 2012 முதல் வரிசையாக வந்தன. முதலில் 25 விழுக்காடு வரை கூட்டினால் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றார்கள். 2017இல் அது 40 விழுக்காடு ஆயிற்று. 2022 கோடையில் மின்நிலையங்களில் நிலக்கரி இருப்பு குறைந்து நாடு தவித்தபோது, மே 7ஆம் தேதியிட்ட குறிப்பாணை 50 விழுக்காடு வரை வழிவிட்டது.

இதன் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது: புதிதாக நிலம் எடுக்கவில்லை, ஆகவே புதிதாகப் பாதிப்பு இல்லை, மக்களிடம் எதற்கு மறுபடி கேட்க வேண்டும்? அறிவியல்படி பார்த்தால் இந்த வாதம் இடறும் இடம் ஒன்று உண்டு. சுரங்கத்தின் பாதிப்புகளில் சில பரப்பைப் பொறுத்தவை. காடு போவது, வீடு போவது, மேய்ச்சல் நிலம் போவது எல்லாம் அந்த வகை. மற்றவை வேகத்தைப் பொறுத்தவை. ஒரு நாளைக்கு எத்தனை முறை வெடி வைக்கிறார்கள், எத்தனை டம்பர் லாரிகள் எத்தனை நடை அடிக்கின்றன, எத்தனை கன மீட்டர் மேல்மண்ணை அள்ளிக் கொட்டுகிறார்கள், எவ்வளவு தண்ணீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள் என்பவை எல்லாம் உற்பத்தியோடு சேர்ந்தே ஏறும்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் தூசுக்கு மிகப் பெரிய காரணம் லாரி ஓடும் மண்பாதைதான். அந்தத் தூசின் அளவு, பாதையில் உள்ள பொடி மண்ணின் விகிதம், வண்டியின் எடை, நடைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தது. தண்ணீர் தெளித்து ஓரளவு அடக்கலாம். பாதைக்குப் பதிலாகக் கன்வேயர் பட்டை வைத்து இன்னும் குறைக்கலாம். ஆனால் நடைகள் இரட்டித்தால், மற்றவை மாறாத வரையில், தூசும் இரட்டிக்கும். குத்தகை எல்லை ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்பதால் அந்தத் தூசு குறைந்துவிடாது. பக்கத்து ஊர்க்காரர் மூச்சில் இழுப்பது வேகத்தின் விளைவை. சலுகை கொடுக்கும் குறிப்பாணை பார்ப்பது பரப்பை.

கோர்பா மாவட்டத்தில் உள்ள கெவ்ரா சுரங்கம் இதற்குக் கண்ணெதிரே இருக்கும் சான்று. கோல் இந்தியாவின் துணை நிறுவனமான எஸ்.இ.சி.எல். நடத்தும் சுரங்கம் அது. ஆண்டுக்கு 35 மில்லியன் டன் என்றிருந்த அனுமதி படிப்படியாக ஏறி 49 ஆயிற்று, பிறகு 52.5 ஆயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 35இன் மீது 40 விழுக்காடு கூட்டினால் 49, 50 விழுக்காடு கூட்டினால் 52.5. 2024 மார்ச்சில் 70 மில்லியன் டன்னுக்கு அனுமதி கிடைத்தது. தொடங்கிய எண்ணைப் போல் சரியாக இரண்டு மடங்கு. சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் சொன்ன பழமொழி இல்லை.

நெய்வேலியின் அடிநீர்

வேகத்தையும் பரப்பையும் தாண்டி, பத்து கிலோமீட்டர் வட்டத்துக்கு அடங்காத பாதிப்பும் உண்டு. அதைப் பார்க்க நெய்வேலிக்குப் போக வேண்டும்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு மேலே மணற்பாறையும் களிமண்ணும் கனமாகப் படிந்திருக்கின்றன. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மேல்மண்ணை அகற்ற வேண்டும். பல மாடிக் கட்டடம் போன்ற சக்கர வாளி இயந்திரங்கள் இரவும் பகலும் இதைச் செய்கின்றன. இரண்டாம் சுரங்கத்தின் திறன் 10.5 மில்லியன் டன்னிலிருந்து 15 மில்லியனுக்கு விரிவாக்கப்பட்டது. அப்படியென்றால் அந்த ஒரு சுரங்கத்தில் மட்டும் முழுத் திறனில் ஆண்டுக்கு 7.5 கோடி கன மீட்டருக்கும் மேல் மண் இடம்பெயர வேண்டும்.

அதைவிட முக்கியமான விஷயம் நிலக்கரிக்குக் கீழே இருக்கிறது. படுகைக்கு அடியில் ஒரு நீர்த்தாங்கி. அதில் உள்ள நீர் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ வரை அழுத்தம். மேலே உள்ள மண்ணின் எடைதான் அதை அடக்கி வைத்திருந்தது. மண்ணை அகற்றிவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் பீறிடும். நெய்வேலியில் சுரங்கம் சாத்தியமா என்ற ஐயம் ஐம்பதுகளில் எழுந்ததற்கு இதுதான் காரணம். சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்கள் இறக்கி, நிறுத்தாமல் நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே தோண்டுவது என்ற பொறியியல் தீர்வு பலித்தது. அது பெரிய சாதனை, அதில் ஐயமில்லை.

ஆனால் அழுத்தம் உள்ள நீர்த்தாங்கியிலிருந்து ஓரிடத்தில் இடைவிடாமல் இறைத்தால், அந்த இடத்தை மையமாக வைத்து நீர்மட்டம் புனல் வடிவில் இறங்கும். புனலின் விளிம்பு ஆண்டுக்கு ஆண்டு விரியும். சுரங்க முகம் நகர நகர, இறைக்கும் இடமும் நகரும். புனலும் கூடவே நகரும். கடலூர் மாவட்டத்தின் கீழே பரந்து கிடக்கும் அந்த நீர்த்தாங்கிக்கு மாவட்ட எல்லையும் தெரியாது, அறிக்கையின் பத்து கிலோமீட்டர் வட்டமும் தெரியாது. கடற்கரை பக்கத்தில் இருப்பதால் நன்னீரின் அழுத்தம் குறையும்போது உப்புநீர் உள்ளே வரும் அபாயத்தையும் கண்காணிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒரு நீர்த்தாங்கியை மூன்று மாத அளவீட்டால் புரிந்துகொள்ள முடியாது. பத்து, இருபது ஆண்டுகளுக்கான நீர்மட்டப் பதிவுகள் வேண்டும். ஒவ்வொரு சுரங்கத்தையும் தனித்தனியாகப் பார்த்தாலும் போதாது. முதலாம் சுரங்கம், ஒன்று ஏ, இரண்டாம் சுரங்கம், விவசாயிகளின் போர்வெல்கள், ஆலைகளின் குழாய்கள் எல்லாமே ஒரே நீரிலிருந்துதான் உறிஞ்சுகின்றன.

2023 ஜூலை 26 அன்று நெய்வேலிக்குப் பக்கத்து வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. சுரங்கம் முன்னேற வேண்டுமானால் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டியாக வேண்டும். நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திவிட்டோம் என்றது சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. சட்டப்படி அந்த வாதத்துக்கு இடம் இருக்கலாம். அறுவடைக்குச் சில வாரங்கள் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றம் வேதனையோடு கேட்டது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. என் கவனத்தில் தங்கியது வேறொன்று. ஓர் ஆறு இடம் மாறுகிறது, நெல் அழிகிறது, நிலத்தடியில் புனல் நகர்கிறது. இவை ஒரே முடிவின் மூன்று விளைவுகள். காகிதத்தில் அவை மூன்று கோப்புகள்.

மூன்று மாதக் காற்று

மீண்டும் செம்பூருக்கு வருவோம். அடிப்படை நிலை என்ற கருத்தில் என்ன சிக்கல் என்பதை இந்த ஊர் நன்றாக விளக்கும்.

செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 1954, 1955இல் வந்தன, இன்றைய எச்.பி.சி.எல்., பி.பி.சி.எல். அவை. 1956இல் அனல்மின் நிலையம். அறுபதுகளில் உர ஆலை, இன்றைய ஆர்.சி.எஃப். அப்போது மதிப்பீடும் கிடையாது, கருத்துக்கேட்பும் கிடையாது. 1994இல் மதிப்பீடு கட்டாயமானபோது செம்பூரின் காற்று ஏற்கெனவே நாற்பதாண்டுப் புகையைச் சுமந்துகொண்டிருந்தது. அதன் பிறகு வந்த ஒவ்வோர் அறிக்கையும் அந்தப் புகை படிந்த காற்றைத்தான் அடிப்படை நிலை என்று அளந்தது. பழைய பாதிப்பு, இயல்பு நிலையாகிவிட்டது. அதன்மேல் வந்தவை எல்லாம் கூடுதல்கள்.

கற்பனையாக ஒரு கணக்கு. 10 மைக்ரானுக்குக் குறைந்த தூசுக்கு இந்தியாவில் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். ஓர் ஊரில் இன்று 85 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் திட்டம் 4 சேர்க்கும்; மொத்தம் 89; அனுமதி. அதே காலத்தில் பக்கத்து ஆலையின் விரிவாக்கம் 5 சேர்க்கும்; அவர்களும் 85இலிருந்தே தொடங்குகிறார்கள்; மொத்தம் 90; அனுமதி. மூன்றாவது ஆலை, இன்னொரு 7, மொத்தம் 92, அனுமதி. மூன்று அறிக்கைகளும் தத்தம் அளவில் சரி. மூன்றும் ஓடத் தொடங்கினால் ஊரில் 101. வரம்பு மீறப்பட்டுவிட்டது; மீறியவர் என்று கைகாட்ட எவரும் இல்லை.

எந்த மூன்று மாதம் அளக்கிறோம் என்பதும் கணக்கை மாற்றும். மார்ச் முதல் மே வரை மும்பையில் பகலில் கடற்காற்று வீசும். வெயிலில் தரை சூடாகி, காற்று மேலெழுந்து, புகை உயரத்தில் கலைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் காற்றின் வேகம் குறைவு. இரவில் தரை சீக்கிரம் குளிர, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனக்க, அதற்கு மேலே வெதுவெதுப்பான அடுக்கு ஒன்று தங்கிவிடும். பானைக்கு மூடி போட்டாற்போல் புகை கீழேயே கிடக்கும். அதே ஆலை, அதே அளவு புகை. ஜனவரி காலையில் செம்பூரின் வாஷி நாக்காவில் நிற்கிறவர் இழுக்கும் மூச்சும் மே மாத மதியத்தில் இழுக்கும் மூச்சும் ஒன்றல்ல. மழைக்காலம் தவிர ஏதேனும் ஒரு பருவம் என்று விதி சொல்வதால், கோடையில் அளந்த அறிக்கையும் விதிப்படி சரியான அறிக்கைதான். குளிர்காலத்தையும் சேர்த்து ஓராண்டு முழுக்க அளந்தால்தான் உண்மை தெரியும்.

செம்பூரில் கூட்டுத்தொகை கடைசியில் நீதிமன்றங்களின் வழியாக வெளிவந்தது. மாகுலில் சேமிப்புக் கிடங்குகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கு எதிராக அங்குள்ள மீனவ மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2015இல் தீர்ப்பாயம் அங்கே மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து இருப்பதை ஏற்றது. 2020 ஆகஸ்டில் நான்கு நிறுவனங்கள் சேர்ந்து 286 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. இடையில், நகரின் பல பகுதிகளில் குடிசை இழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதே மாகுலுக்குக் குடியமர்த்தப்பட்டன. காற்று மாசு காரணமாக அங்கே போக மறுக்கிறவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, மாதம் 15,000 ரூபாய் வாடகைப் பணம் கொடுங்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னது. இத்தனை ஆலைகளும் அனுமதியோடு நடக்கிற ஊரில், குடியிருக்கத் தகுந்த காற்று இல்லை என்று மக்கள் நீதிமன்றம் ஏறித்தான் நிறுவ வேண்டியிருந்தது.

புகைபோக்கியும் கணக்கில் வருமா?

கூட்டுத்தொகையில் இன்னொரு பெரிய உருப்படி உண்டு. சுரங்கத்தின் மதிப்பீட்டில் தோண்டும் இயந்திரத்தின் டீசல் புகை கணக்கில் வரும். தோண்டி எடுத்த நிலக்கரி எரியும்போது வெளிவரும் கரியமில வாயு பெரும்பாலும் வராது. அளவோ மலைக்கும் மடுவுக்குமானது. ஒரு டன் கார்பன் முழுதாக எரிந்தால் 3.67 டன் கரியமில வாயு. சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரியில் 40 விழுக்காடு கார்பன் என்று வைத்தாலும் ஒரு டன் நிலக்கரிக்குச் சுமார் ஒன்றரை டன். ஆண்டுக்கு 70 மில்லியன் டன் தோண்டும் சுரங்கம் என்றால் சுமார் 100 மில்லியன் டன் கரியமில வாயு.

எரிப்பவர் வேறு, தோண்டுபவர் வேறு என்று இதுவரை தள்ளிவைத்தார்கள். உலகில் சில நீதிமன்றங்கள் அதை ஏற்க மறுக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ராக்கி ஹில் என்ற புதிய நிலக்கரிச் சுரங்கத்துக்கு 2019இல் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. ஊரின் அமைப்புக்கு நேரும் கேட்டோடு, எரியும் நிலக்கரியின் வாயுவையும் காரணமாகச் சொன்னது. 2024 ஜூனில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், எண்ணெய்க் கிணறு ஒன்றின் வழக்கில், எடுத்த எண்ணெய் எரியும்போது வரும் வாயுவும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் மவுன்ட் பிளசன்ட் சுரங்க விரிவாக்க வழக்கில் ஒரு படி மேலே போனது: வேறு நாட்டில் எரிக்கப்படும் நிலக்கரியால் விளையும் காலநிலை மாற்றம், சுரங்கம் இருக்கும் ஊருக்கே திரும்பி வந்து என்ன செய்யும் என்று அனுமதி தந்தவர்கள் பார்த்திருக்க வேண்டும் என்றது. கடல் தாண்டி வரும் நிலக்கரியை எரிக்கும் ஊரில் வாழ்கிற எனக்கு இந்தத் தீர்ப்பு மிக அருகில் இருப்பதாகப் படுகிறது.

என்ன செய்ய வேண்டும்?

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மும்பையின் ரயிலும் மருத்துவமனையும் என் வீட்டு மின்விசிறியும் அதில்தான் ஓடுகின்றன. நிலக்கரி ஒரே நாளில் நின்றுவிடாது. ஆனால் நிலக்கரி வேண்டும் என்பதும் நிலக்கரியின் கணக்கை மறைக்கலாம் என்பதும் ஒன்றல்ல.

மூன்று மாற்றங்கள் அவசரமாக வேண்டும். ஒன்று: ஒரு திட்டத்தை மதிப்பிடும் முன் அந்த வட்டாரத்தின் தாங்குதிறனை மதிப்பிட வேண்டும். இந்தக் காற்றில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம், இந்த நீர்த்தாங்கியிலிருந்து இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்பதை அரசு தன் செலவில் அளந்து, பொதுவில் வைத்து, அதற்குள் பங்கிட வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் கூட்டு விளைவுகளைப் பற்றிய கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. அது ஒரு பத்திப் பதிலோடு தப்பிக்க முடியாத கேள்வியாக மாற வேண்டும். இரண்டு: விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புச் சலுகை வேண்டாம். விரிவாக்கத்தின்போதுதான் மக்களிடம் கேட்கச் சரியான விஷயம் இருக்கிறது. முதல் சுரங்கத்தின்போது அவர்களுக்குத் தெரிந்தது அச்சம் மட்டுமே. விரிவாக்கத்தின்போது அவர்களிடம் அனுபவம் இருக்கிறது. எந்தக் கிணறு எந்த ஆண்டில் வற்றியது, எந்த மணிக்கு வெடி வைக்கும்போது சுவர் விரிசல் விட்டது என்று அவர்களால் சொல்ல முடியும். மூன்று: அறிக்கை எழுதும் நிபுணருக்கான கட்டணம், நிறுவனத்தின் கையிலிருந்து நேராகப் போகாமல் ஒரு பொது நிதியிலிருந்து போக வேண்டும்.

இவை நடக்கும்வரை நம் கையில் இருக்கும் கருவிகளையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். விண்ணப்பங்களும் அறிக்கைகளும் நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகளும் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கின்றன. கருத்துக்கேட்புக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் கிடைக்க வேண்டும். விரிவாக்கம் கேட்கும் நிறுவனம், பழைய அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கு அமைச்சகத்தின் மண்டல அலுவலகச் சான்று காட்ட வேண்டும். இந்தச் சான்றை முதலில் படியுங்கள். நட்ட மரங்களும் தெளித்த தண்ணீரும் அங்கேதான் வெளிப்படும். பிறகு அளவீடு எந்த மாதங்களில் நடந்தது, அளக்கும் கருவி காற்றடிக்கும் திசையில் இருந்ததா எதிர்த் திசையிலா, பக்கத்துத் திட்டங்களின் கூடுதலும் சேர்த்துக் கூட்டப்பட்டதா என்று பாருங்கள். அனுமதி கிடைத்த முப்பது நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் அறுபது நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். தேதி தவறினால் நியாயமும் தவறிப்போகும்.

செம்பூரில் தமிழும் மராத்தியும் இந்தியும் உருதும் பேசுகிறவர்கள் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம். வட்டார மொழிச் சுருக்கம் மராத்தியில் வரும்போது, அதைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் சங்கங்களிலும் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். அடுத்த கருத்துக்கேட்பு அறிவிப்பு வரும் நாளில் அவர்களை உட்காரவைத்து அந்தச் சுருக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்வோம். கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிவு செய்ய வைப்போம்: உங்கள் கூடுதல் எவ்வளவு என்று சொன்னீர்கள், எங்கள் மொத்தம் எவ்வளவு? விதிப்படி, கூட்டத்தில் எழுப்பிய கேள்விக்கு இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும்.